பேத்தை டீச்சரும் கருவாட்டு மச்சானும்

பேத்தை மீனைத் தேடி வந்த ஒரே ஆளை நான் ஜெகதாப்பட்டினத்தில்தான் பார்த்தேன்.

விசைப்படகுகள் கரை திரும்பியதும் இறால், நண்டு, கணவாய் என்று பிரித்து எடுத்துவிடுவார்கள். மிஞ்சுகிற குப்பை மீனுக்குச் சங்காயம் என்று பேர். அது கோழித் தீவனத்துக்குப் போகும். பேத்தையை அந்தச் சங்காயத்தில்கூடச் சேர்க்க மாட்டார்கள். தொட்டால் வயிற்றை ஊதிக்கொண்டு பந்து மாதிரி ஆகிவிடும். ஈரலிலும் முட்டையிலும் விஷம். தின்றவனுக்கு முதலில் உதடு மரக்கும், அப்புறம் கை கால், கடைசியில் மூச்சு. அதனால் காலால் தள்ளிவிட்டுப் போவதுதான் வழக்கம். அந்த அம்மா அதைக் குனிந்து கையுறை போட்ட கையால் எடுத்து, ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ் மேல் அடுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். பருத்திப் புடவை, ரப்பர் செருப்பு, கழுத்தில் சிலுவை கோத்த மெல்லிய செயின்.

கொண்டுவந்த ஐஸ் பற்றாமல் ஐஸ் பிளாண்டுக்கு வந்தார். நான் அப்போது அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, சூரத்தில் சேலைக் குடோன், கேரளாவில் ரப்பர் தோட்டம் என்று போய்க்கொண்டே இருந்தேன். யாரும் துரத்தவில்லை. ஓரிடத்தில் கொஞ்ச நாள் இருந்தால் எனக்கே கால் அரிக்கும். எல்லாம் தீர்ந்துபோனால் ஜெகதாப்பட்டினத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன். அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மச்சான், விசைப்படகில் வேலை. நானும் ஆள் குறைகிற நாளில் அதே படகில் ஏறுவேன். மற்ற நாளில் ஐஸ் பிளாண்ட்.

ஐஸ் கட்டியை இழுத்து இழுத்து என் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. சோற்றில் கை வைத்தால் சூடு தெரியாது. அங்கே வேலை பார்க்கிற எல்லாருக்கும் உள்ளதுதான். ஐஸை உடைத்துப் போடும்போது அந்த அம்மா என் விரலையே பார்த்தார். எப்போதிலிருந்து இப்படி, ஊசியால் குத்தினால் தெரியுமா, வேலை இல்லாத நாளில் சரியாகிவிடுகிறதா என்றெல்லாம் கேட்டார். டாக்டரா என்று கேட்டேன். இல்லை என்றார். நரம்பிலும் இதயத்திலும் இருக்கிற ஒரு சின்ன வாசலைப் பற்றி ஆராய்ச்சி செய்வதாகவும், குளிரில் அந்த வாசல் மெதுவாகத் திறக்கும் என்றும் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விரலைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர் என்பது மட்டும் விளங்கியது.

அப்படித்தான் நான் அவருக்குப் பேத்தை பொறுக்குகிறவன் ஆனேன். வலையில் வருவதை ஒதுக்கி வைப்பேன். மாதத்துக்கு ஒரு தடவை பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டை போய், அங்கேயிருந்து சென்னைக்கு பஸ் ஏறுவேன். கரையில் எல்லாரும் அவருக்கு 'பேத்தை டீச்சர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். படித்த பொம்பளை என்றால் எங்கள் ஆட்களுக்கு டீச்சர்தான். அவர் காதிலும் அது விழுந்தது. "எங்க வீட்டுல எல்லாருமே டீச்சருங்கதான். நான் ஒருத்திதான் தப்பிச்சேன்னு நெனைச்சேன்" என்று சிரித்தார். அவருக்குச் சொந்த ஊர் ஆவூர்ப் பக்கம். அப்பா, அம்மா, சித்தப்பா என்று எல்லாரும் கிறிஸ்தவச் சாமியார் பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்தவர்கள்.

சென்னையில் அவருடைய ஆராய்ச்சிக்கூடம் ஒரு கட்டடத்தின் கீழ்த் தளத்தில் இருந்தது. மேலே இருந்தால் லிஃப்ட் ஓடுகிற அதிர்வு வருமாம். நடுவில் பெரிய இரும்பு மேசை. அது காற்றடைத்த கால்களின் மேல் மிதந்துகொண்டிருந்தது. அதன் மேல் நுண்ணோக்கி. மயிரைவிட மெல்லிய முனையுள்ள ஒரு கண்ணாடிக் குழாயை ஒரு செல்லின் மேல் கொண்டுபோய் ஒட்டவைப்பார். ஒட்டுவதற்குள் பாதிப் பகல் போய்விடும். பல நாள் ஒட்டவே ஒட்டாது. ஒட்டினால் திரையில் ஒரு கோடு ஓடும். ஓடிக்கொண்டிருக்கிற கோடு சட்டென்று ஒரு படி ஏறும், கொஞ்ச தூரம் அப்படியே ஓடும், திரும்ப இறங்கிக்கொள்ளும்.

"பார்த்தீங்களா, இப்ப ஒரு மடை தொறந்து மூடுச்சு" என்றார்.

அந்தச் சின்ன வாசலை மடை என்று அவர் சொன்னது எனக்காக மட்டும் இல்லை. அவர் மனசுக்குள்ளும் அதற்கு அதுதான் பேர் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கண்மாய்ப் பாசன ஊரில் வளர்ந்தவர். ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு கரை, அந்தக் கரையில் எண்ணமுடியாத மடைகள். கரைக்கு வெளியே நாம் சோற்றில் போடுகிற உப்பில் உள்ள சோடியம். உள்ளே பொட்டாசியம் என்ற இன்னொரு சரக்கு. ஒரு மடை இதை மட்டும் விடும், இன்னொன்று அதை மட்டும் விடும். திறக்கிறபோது ஓடுகிற மின்சாரம்தான் நரம்பில் சேதி, நெஞ்சில் துடிப்பு. பேத்தையின் விஷம் நரம்பின் சோடிய மடையில் கல்லைப் போல் போய் அடைத்துக்கொள்ளும். சேதி நின்றுவிடும். உதடு மரப்பது அதனால்தான்.

அவர் முதலில் வெளிநாட்டில் படித்தது நரம்பைப் பற்றித்தான். பேத்தை விஷம் அங்கே சின்னக் குப்பியில் தூளாக வரும். அதை நரம்பின் மேல் விட்டால் எல்லாம் அடங்கிவிடும். இதயத்தின் மேல் விட்டால் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். இதயத்தின் சோடிய மடை வேறு மாதிரிக் கட்டப்பட்டது, பேத்தைக்கு லேசில் மசியாது. பேத்தை தின்று மூச்சு நின்றவனுக்கும் நெஞ்சு கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருப்பது அதனால்தான் என்றார். அந்த அடங்காத நெஞ்சைப் பார்த்துத்தான் அவர் நரம்பை விட்டு இதயத்துக்கு வந்திருக்கிறார். பிறகு சோடியத்தையும் விட்டுவிட்டு, துடித்து முடித்த செல்லைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிற ஒரு பொட்டாசிய மடையிலேயே பல வருஷம் நின்றுவிட்டார். இங்கே திரும்பி வந்ததும், நம் கடல் பேத்தையில் அந்த மடையில் வேலை செய்கிற பொருள் ஏதாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்திருக்கிறார். கிடைத்ததா என்றால் இல்லை. தேடிக்கொண்டிருந்தார்.

ஒரே மடையை இத்தனை வருஷமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் ஒரே ஊரில் இரண்டு தீபாவளி கொண்டாடியது கிடையாது.

ஒரு நாள் டீச்சர் பேத்தைக்காகக் கரைக்கே வந்திருந்தார். மீன் ஏலம் முடிந்து கூடத்தில் சில பேர்தான் இருந்தார்கள். எங்கள் படகு டிரைவர் கால் நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மச்சான் தள்ளி உட்கார்ந்து கிழிந்த வலையைக் கோத்துக்கொண்டிருந்தார், வாயில் பீடி.

"பேத்தை எதுக்கு டீச்சர்? எங்ககிட்ட உப்புல போட்டு எடுத்த கருவாடு ஒண்ணு இருக்கு, கொண்டுபோங்க. பீடியெல்லாம் குடிக்கும்" என்று டிரைவர் மச்சானைக் காட்டினார்.

ஊரில் மச்சானுக்குக் கருவாடு என்று பேர். அந்தக் கதையை டிரைவர் சொல்லச் சொல்ல, கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார்.

கதை இதுதான். இழுத்துக்கொண்டிருக்கிற வலை சில நேரம் படகின் அடியில் சுழலும் விசிறியில் போய்ச் சுற்றிக்கொள்ளும். எஞ்சின் நின்றுவிடும். யாராவது கத்தியோடு குதித்து அடியில் போய் அறுத்துவிட வேண்டும். நடுக்கடலில் எஞ்சின் இல்லாமல் நின்றால் நீரோட்டம் எல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். எல்லை தாண்டினால் அந்தப் பக்கத்துக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விடும், அப்புறம் படகும் போச்சு, ஆளும் எப்போது வருவான் என்று தெரியாது. அதனால் அறுக்கிறவன் வேகமாக அறுக்க வேண்டும். எங்கள் படகில் அந்த வேலை மச்சானுடையது. அவரைப்போல மூச்சுப் பிடிக்க ஆள் கிடையாது. போன வருஷம் அப்படிக் குதித்தவர் பாதியிலேயே அசையாமல் மிதந்தார். இழுத்துப் போட்டோம். மூச்சுப் பேச்சில்லை. தண்ணீரில் போனவனை உப்பில் புதைத்தால் உப்பு உடம்புத் தண்ணீரை இழுத்து உயிரைத் திருப்பும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. திருக்கை மீனுக்குப் போடக் கொண்டுபோன கல்லுப்பு மூட்டை படகில் இருந்தது. அதைக் கொட்டி முகத்தை மட்டும் விட்டு மூடினார்கள். சற்று நேரத்தில் மச்சான் கண்ணைத் திறந்து, என்னடா இது என்றார். அதற்கு முந்தின வருஷமும் துறைமுகத்துக்குள் நீந்தும்போது ஒரு தடவை இப்படி ஆகியிருந்தது. அப்போதும் கருவாடு காயப்போடுகிற இடத்து உப்புக் குவியலில்தான் கிடத்தினார்கள், அப்போதும் எழுந்தார்.

அன்றிலிருந்து படகில் ஒரு மூட்டை கல்லுப்பு இல்லாமல் மச்சான் ஏற மாட்டார். மூட்டை இருந்தால் எந்தப் பயமும் இல்லாமல் குதிப்பார். அக்காதான் மூட்டையைக் கட்டி, அதற்குத் திருநீறு பூசி அனுப்புவாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. உயிர் போகாத ஒரு பேத்தை கையிலேயே இருந்தது, அது ஊதிக்கொண்டே போனது.

தண்ணீர் குடித்தாரா என்று கேட்டார். வாயிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை என்றார் டிரைவர். கையைக் காலை அடித்துக்கொண்டாரா என்று கேட்டார். இல்லை, ஃபேனை அணைத்த மாதிரி நின்றுவிட்டார் என்றேன் நான். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி ஆனதுண்டா என்றதற்கு மச்சானே பதில் சொன்னார். வலையைக் கோத்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்.

"எங்க தம்பி சின்ன வயசுல மீமிசல் பக்கம் ஊருணியில போயிட்டான். என்னைய விட நல்லா நீந்துவான் டீச்சர். பாசி வழுக்கிருச்சும்பாங்க."

டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க போட்டுல இருந்தீங்களா?"

"இருந்தேன் டீச்சர். காலைப் பிடிச்சுத் தூக்குனது நாந்தான்."

"அவர் அசைஞ்சது உப்புப் போட்டதுக்கு அப்புறமா, முன்னாடியா?"

"முன்னாடியே ஒரு உதை விட்டார். என் நெஞ்சுலதான் பட்டுச்சு. நான் அப்பயே சொன்னேன். உசுரு போகையில இழுக்குதுன்னாங்க."

அவர் பேத்தையைப் பெட்டியில் வைத்து மூடினார்.  அறந்தாங்கி பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் பேசினார். துடித்து முடித்த நெஞ்சு பழைய நிலைக்கு வர அந்தப் பொட்டாசிய மடை வேண்டும். சில குடும்பங்களில் பிறவியிலேயே அது சரியாகத் திறக்காது. சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஓடும்போதோ, முக்கியமாக நீந்தும்போதோ, நெஞ்சு வேகமெடுக்கும். மடை ஈடுகொடுக்காது. நெஞ்சு துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கிவிடும், ஆள் விழுந்துவிடுவான். பெரும்பாலும் அதுவே சரியாகி ஆள் எழுந்துவிடுவான்.

"உப்பு எழுப்பல தம்பி. அவராத்தான் எழுந்தார். ஒரு நாள் எழ மாட்டார்" என்றார்.

தான் டாக்டர் இல்லை, பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஒரு ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், அதுவரை அவர் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பஸ் வந்து, ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக இன்னொரு தடவை சொன்னார்.

மச்சானிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, நெஞ்சில் நோய் என்று காகிதத்தில் எழுதிவிட்டால் எந்தப் படகில் தன்னை ஏற்றுவார்கள் என்று கேட்டார்.  எனக்கு வேலை போனால் இன்னொரு ஊர் இருக்கிறது. அவருக்குக் கடலை விட்டால் வேறு எதுவும் தெரியாது. படகில் அவருக்கு இருந்த மரியாதையும் அந்தக் கத்தியோடு சேர்ந்தது. "எம்புட்டோ பேரு உப்பு இல்லாமச் செத்தான். எனக்கு உப்பு இருக்கு. விடு மாப்ள" என்றார். அடுத்த நாள் கடலுக்குப் போனார். மூட்டையும் போனது.

அக்காவிடம் சொன்னதற்கு, ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்கு உப்பைப் பற்றி என்ன தெரியும் என்றாள்.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் நேராக அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். பேத்தை வேண்டும் என்று சொல்லவில்லை. அக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், சாப்பிடச் சொன்னாள். அவர் கணவாய்த் தொக்கோடு நன்றாகச் சாப்பிட்டார். மச்சான் வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் அக்கா உள்ளே போய் உப்பு மூட்டையைத் தூக்கிவந்து டீச்சர் முன்னால் வைத்தாள். பிள்ளையை நிறுத்தி வைப்பது போல நிமிர்த்தி வைத்தாள்.

"இது எழுப்பலைங்கிறீங்களா?"

டீச்சர் மூட்டையைப் பார்த்தார். "உப்புலதாம்மா எல்லாருக்கும் உசுரு ஓடுது. அதைத்தான் நான் இத்தனை வருசமாப் படிக்கிறேன். ஆனா அது உள்ள இருக்கிற உப்பு. மேல கொட்டுற உப்புக்கு அங்க வழி கெடையாது" என்றார்.

அக்கா அதை ஏற்றுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நெசமா ஒன்னைய ஒதைச்சாராடா?"

"நெசம்தான்க்கா."

அவள் என் நெஞ்சைப் பார்த்தாள். பிறகு, யாரிடமும் இல்லாமல், தனக்கே சொல்லிக்கொள்வது போலப் பேசினாள். அன்றைக்கு நான் நெஞ்சு கன்றிப்போய் வந்து நின்றதும், வாணலியில் உப்பை வறுத்துத் துணியில் கட்டி எனக்கு ஒத்தடம் கொடுத்தது அவள்தான். படகில் இடித்துக்கொண்டேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். கழுத்துவரைக்கும் உப்பில் கிடக்கிற ஆள் எப்படிக் காலை எடுத்து இன்னொருத்தன் நெஞ்சில் உதைக்க முடியும்? அப்படியென்றால் உப்புக்கு முன்னாலேயே உயிர் வந்திருக்கிறது. அவள் சொல்லி முடித்ததும் மூட்டையின் கழுத்தைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"நாளைக்கு புதுக்கோட்டை போறோம்" என்றாள் வாசற்படியைப் பார்த்து.

மச்சான் திரும்பவில்லை. "வேலை கெடக்கு."

"நீங்க வரலைன்னா நான் போட்டுல வந்து ஒக்காந்துக்குவேன். நீங்க குதிக்கையில கூடக் குதிப்பேன். எனக்கு நீச்சலும் தெரியாது."

புதுக்கோட்டையில் டீச்சருக்குத் தெரிந்த இதய டாக்டர் இருந்தார். மச்சானின் நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். படுக்க வைத்ததிலிருந்து அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு டீச்சரிடம் நீட்டினார். ஒவ்வொரு துடிப்புக்கும் கோட்டில் ஒரு கூரிய முனை, அதன் பின்னால் ஒரு மேடு. மேடு முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் நீண்டுகொண்டே போயிருந்தது. டீச்சர் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். மச்சானை எழுந்து நடக்கச் சொல்லி மறுபடியும் எடுத்தார்கள். வேகமெடுத்தால் குறைய வேண்டிய மேடு குறையவில்லை.

மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாள்கூட விடக் கூடாது என்றார்கள். வேறு எந்த நோய்க்கு மருந்து வாங்கினாலும் இந்தக் காகிதத்தைக் காட்டிவிட்டுத்தான் வாங்க வேண்டும். குதிக்கக் கூடாது, நீந்தக் கூடாது. டாக்டர் கடலே வேண்டாம் என்றார். மச்சான் கடலில் மீன் பிரிக்கலாமா, சோறாக்கலாமா என்று பேரம் பேசினார். கடைசியில், மாத்திரை உடம்பில் பிடித்த பிறகு, தண்ணீரில் விழாமல் இருப்பதாக இருந்தால் பார்க்கலாம் என்று டாக்டர் அரை மனசாகச் சொன்னார். அக்காவின் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிவரச் சொன்னார்கள். மூத்தவளுக்கும் அதே நீளமான மேடு இருந்தது. அவளுக்கும் மாத்திரை.  ஊருக்கு வந்ததும் அக்கா அந்தப் பிள்ளையின் தலையைப் பின்னிவிட்டாள், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். டீ ஆடை கட்டிவிட்டது, குடிக்கவில்லை. என்ன டீச்சர் என்றேன்.

"இந்த மடையோட கோட்டை எத்தனையோ வருசமா வரைஞ்சிட்டிருக்கேன். யாரோ ஒருத்தர் உடம்புல இது இருக்கும்னு தெரியும், தம்பி. அந்த ஆளு பீடி குடிப்பாரு, பொண்டாட்டிக்குப் பயப்படுவாருன்னெல்லாம் நெனைச்சுப் பார்த்ததே இல்ல."

மச்சானும் பிள்ளைகளும் சம்மதித்து ரத்தம் கொடுத்தார்கள். மழைக்காலம் முடிந்து நான் சென்னைக்குப் போனபோது டீச்சர் என்னைக் கீழ்த் தளத்துக்குக் கூட்டிப்போனார். ரத்தத்திலிருந்து அந்த மடையின் அச்சைக் கண்டுபிடித்து, அதே அச்சில் மடைகளை வேறொரு செல்லில் முளைக்க வைத்திருக்கிறார்கள். முதலில் நல்ல மடைகள் உள்ள செல்லைக் காட்டினார். கோடு சீராக மேலே ஏறி உயரமாக நின்றது. பிறகு மற்றது. கோடு கொஞ்சம் எழுந்தது, பாதியில் தயங்கியது, அங்கேயே கிடந்தது.

"இதான் உங்க மச்சான்" என்றார்.

நான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீரில் கையை அடிக்காமல் நின்றுபோன ஆளின் முதுகு ஞாபகம் வந்தது. இதை எழுதி வெளியிடப் போவதாக டீச்சர் சொன்னார். ஊருக்கு வந்து மச்சானிடம் சொன்னேன். அதில் தன் பேர் வருமா என்று கேட்டார். வராது, ஆள் யாரென்று தெரியக் கூடாது என்பது விதி என்றேன். முகம் வாடிவிட்டது. "கருவாடுன்னாவது போட்டிருக்கலாம்" என்றார்.

மறுபடி அவர் கடலுக்குப் போக ஆரம்பித்தபோது டிரைவரிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஏறினார். கருவாடு சோறாக்கும், மீன் பிரிக்கும், குதிக்காது என்று டிரைவர் மற்றவர்களிடம் சொல்லிவிட்டார். ஆனால் அது கரையில் சொன்ன வார்த்தை. கடலில் வலை சுற்றும்போது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. மச்சானுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அக்காவுக்கும் தெரியவில்லை. அதனால்தான் ஆள் குறையாத நாளில்கூட என்னைப் படகில் ஏறச் சொன்னாள்.

அது காலை நேரம். வலையை இழுத்துக்கொண்டு திரும்பும்போது படகு ஒரு குலுக்குக் குலுக்கி எஞ்சின் நின்றது. விசிறியில் வலை. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டுத் திசைகாட்டியைப் பார்த்தார். நீரோட்டம் கிழக்கே இழுத்துக்கொண்டிருந்தது.  எல்லாருடைய கண்ணும் பழக்கத்தில் மச்சான் பக்கம் போய்விட்டது. அதை யார் மேலும் குற்றமாகச் சொல்ல முடியாது.

மச்சான் ஏற்கெனவே சட்டையைக் கழற்றியிருந்தார். கத்தி கையில் இருந்தது. படகின் ஓரத்தில் ஒரு காலை வைத்தார். வைத்துவிட்டு, எப்போதும் செய்வது போல, ஐஸ் அறைக்குப் பக்கத்து மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

அங்கே மூட்டை இல்லை. குதிக்கிற வேலை போனதிலிருந்து ஏறும்போது அவர் அதைத் தேடுவதில்லை. பல மாதம் மூட்டை உட்கார்ந்திருந்த இடத்தில் பலகை வெளுத்து ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

"மாப்ள, மூட்டை எங்க?"

"அக்கா குடுத்துவிடல."

"ஏன்?"

"ஊறுகாய்க்குப் போட்டுருச்சு."

அவர் அந்த வெளுத்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். படகு மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஏதோ ஒரு படகு தெரிந்தது, நம்முடையதா அவர்களுடையதா என்று தெரியவில்லை. மச்சான் காலைக் கீழே எடுத்தார். கத்தியைத் திருப்பிப் பிடித்து, பிடிப் பக்கம் டிரைவரிடம் நீட்டினார்.

"கருவாட்டுக்கு ஈரம் ஆகாதாம்ல" என்று டிரைவர் முணுமுணுத்தார். கத்தியை வாங்கிக்கொண்டு இடுப்பில் கயிற்றைக் கட்டினார். கயிற்றின் மறுமுனையை மச்சான் பிடித்துக்கொண்டார். டிரைவர் குதித்தார்.

டிரைவருக்கு மச்சான் அளவுக்கு மூச்சு இல்லை. அடிக்கடி மேலே வந்தார், திட்டினார், மறுபடி போனார். கயிறு தளர்ந்தால் மச்சான் இழுப்பார், இறுகினால் விடுவார். வலையில் எந்தப் பக்கம் முடிச்சு விழுந்திருக்கும் என்று மேலேயிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் உதடு காய்ந்திருந்தது. ஒரு தடவை என்னிடம் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். தூரத்தில் தெரிந்த படகு வேறு பக்கம் போய்விட்டது. கடைசியில் டிரைவர் அறுத்த வலைத்துண்டைத் தூக்கிக் காட்டினார். எஞ்சின் கிளம்பியது. மச்சான் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

கரை நெருங்கி போனில் சிக்னல் வந்ததும் டீச்சருக்குப் பேசினேன். வலை சுற்றிக்கொண்டது என்று ஆரம்பித்தேன். மற்ற எதையும் கேட்காமல், "குதிச்சாரா?" என்றார்.

"இல்ல டீச்சர். கயித்தைப் பிடிச்சிட்டு ஒக்காந்திருந்தார்."

 கீழ்த் தளத்து இயந்திரங்களின் ரீங்காரம் மட்டும் கேட்டது. அழுதாரா, கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாரா, எனக்குத் தெரியாது.

"சரி தம்பி. அடுத்த வாரம் பேத்தை கெடைச்சா எடுத்து வைங்க" என்றார்.

நான் அந்த வாரம் கோயம்புத்தூருக்குக் கிளம்புவதாக இருந்தேன். அக்காவிடம்கூடச் சொல்லிவிட்டேன். பையும் கட்டியாகிவிட்டது. பேத்தை பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நின்றுவிட்டேன்.